வெல்லம் போட்டா சர்க்கரை ஏறாதா?

"கடையில வாங்கல டாக்டர்... வீட்டுல நானே செஞ்சதுதான். அதுவும் வெல்லம்தான் போட்டேன். ஒண்ணும் ஆகாதில்ல?"

என் வைத்தியசாலைக்கு வருகிற தாய்மார்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. தீபாவளி, பொங்கல் முடிந்த அடுத்த வாரம் என்றால் கேட்கவே வேண்டாம்!

நான் சித்த வைத்தியன். பனைவெல்லத்தையும் தேனையும் மருந்தோடு சேர்த்துக் கொடுக்கிறவன். அதனால், "வெல்லம்தானேம்மா, தாராளமா சாப்பிடுங்க" என்று நான் சொல்வேன் என எதிர்பார்க்கிறார்கள். மன்னிக்கணும். அப்படிச் சொல்ல எனக்கு மனசு வராது.

வீட்டில் இனிப்பு செய்வதை நான் ஆதரிக்கிறேன். ஆனால், வீட்டில் செய்துவிட்டால் இனிப்பு மருந்தாகிவிடும் என்ற நினைப்பு இருக்கிறதே, அதைத்தான் எதிர்க்கிறேன்.

வெல்லமும் சர்க்கரைதான்!

100 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் ஏறக்குறைய 400 கலோரி. 100 கிராம் வெல்லத்தில் ஏறக்குறைய 380 கலோரி. பார்த்தீர்களா, வித்தியாசம் எவ்வளவு என்று? கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு எல்லாவற்றிலும் பெரும்பகுதி அதே சர்க்கரைச் சத்துதான். ரத்தத்துக்குள் போனபிறகு, "நான் கரும்பிலிருந்து வந்தேன், நான் பனையிலிருந்து வந்தேன்" என்று அது தனித்தனியாக நிற்பதில்லை.

வெல்லத்தில் இரும்புச் சத்து இருக்கிறது, தாது உப்புகள் இருக்கின்றன. உண்மைதான். ஆனால், நாம் சாப்பிடுகிற ஒன்றிரண்டு ஸ்பூனில் கிடைப்பது கொஞ்சம்தான். ரத்தசோகை உள்ளவர்கள் வெல்லத்தை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. ரத்தப் பரிசோதனை செய்து, அதற்கான மருந்தை எடுத்துக்கொள்ள வேண்டும்.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி, நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருக்கிறது. அதன் வாசற்படியில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கும் அதிகம். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலும் அவர்களில் ஒருவர் இருக்கலாம்.

புண் ஆறாத பாட்டி

அறுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியம்மா. காலில் புண், ஆறவே இல்லை. பாதம் எரிகிறது என்றார். வெறும் வயிற்றில் பார்த்த சர்க்கரை 240.

"சீனியைத் தொட்டு ஒரு வருஷமாச்சுய்யா" என்று சத்தியம் பண்ணினார். பொய் சொல்லவில்லை. சீனியைத் தொடவில்லைதான். ஆனால், தினமும் மூணு வேளை கருப்பட்டிக் காபி! போதாததற்கு மகள் செய்து அனுப்பிய அதிரசம், எள்ளுருண்டை. "சித்த வைத்தியத்துல கருப்பட்டிக்குத் தடை கிடையாதுன்னு போன்ல வந்துச்சே..." என்று என்னிடமே சொன்னார்.

எனக்குக் கோபம் அந்தப் பாட்டி மேல் இல்லை. எங்கள் வைத்தியத்தின் பேரைச் சொல்லி இப்படிப் பரப்புகிறார்களே, அவர்கள் மேல்தான்.

சித்த மருத்துவம் அறுசுவையில் இனிப்பையும் வைத்திருக்கிறது. இனிப்பு உடலுக்கு வலுவைத் தரும். அளவு மீறினால் ஐயத்தைக் கூட்டும், உடலைப் பருக்க வைக்கும் என்றும் அதே மருத்துவம்தான் சொல்கிறது. லேகியத்தில் வெல்லம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால், லேகியத்தை எப்படிச் சாப்பிடச் சொல்கிறோம்? சுண்டைக்காய் அளவு, நெல்லிக்காய் அளவு. கிண்ணத்தில் போட்டு யாரும் சாப்பிடுவதில்லையே! நீரிழிவுக்காரருக்கு என்றால் அந்த லேகியத்தையும் யோசித்துத்தான் கொடுப்போம்.

அந்தக் காலத்துக் காவல்

"எங்க அம்மா காலத்துல எவ்வளவு இனிப்பு சாப்பிட்டாங்க, நல்லாத்தானே இருந்தாங்க?" என்பது அடுத்த கேள்வி.

அதிரசம் செய்வதை நினைத்துப் பாருங்கள். அரிசியை ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, உரலில் இடித்துச் சலிக்கணும். பாகு பதம் பார்க்கணும். மாவை ஒன்றிரண்டு நாள் வைத்திருந்து அப்புறம் சுடணும். இடுப்பு ஒடிந்துவிடும்! அதனால் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் நடந்தது. செய்ததும் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பங்கு போட்டார்கள். சாப்பிட்டவர்களும் நாள் முழுக்க நடந்தார்கள், குனிந்து நிமிர்ந்தார்கள்.

இனிப்புக்கு அந்தச் சிரமமே ஒரு காவலாக இருந்தது. இன்று மிக்ஸி இருக்கிறது, ரெடிமேட் மாவு இருக்கிறது, செல்போனில் "பத்தே நிமிடத்தில் பிரெட் அல்வா" இருக்கிறது. டின்னில் வருகிற இனிப்புப் பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. அதை ஊற்றிக் கிளறினால் பால்கோவா தயார். சிரமம் போய்விட்டது, நல்லதுதான். கூடவே காவலும் போய்விட்டது. இனிமேல் அந்தக் காவலை நாமேதான் போடணும்.

அப்படியானால் வீட்டில் எதற்கு?

காரணம் இருக்கிறது. எவ்வளவு இனிப்பு போட்டோம் என்பது வீட்டில் செய்கிறவருக்குத்தான் தெரியும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் வேண்டாம், கலர்ப் பொடி வேண்டாம் என்று முடிவு செய்யலாம். அந்த அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால்தான் வீட்டு இனிப்புக்கு மரியாதை.

நான் சிபாரிசு செய்வது போளி. நம் ஊர் இனிப்பு ரொட்டி அதுதானே! எண்ணெயில் பொரிக்க வேண்டாம். பருப்பு சேர்வதால் புரதமும் கிடைக்கிறது.

கடலைப்பருப்பு 200 கிராம், கோதுமை மாவு 200 கிராம், வெல்லம் 120 கிராம், கைப்பிடி தேங்காய்த் துருவல். வழக்கமாகப் பருப்புக்குச் சமமாக வெல்லம் போடுவார்கள். நான் குறைத்திருக்கிறேன். நாக்கு இரண்டு தடவையில் பழகிவிடும்.

மாவில் சிட்டிகை மஞ்சள்தூள், உப்பு, இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் சேர்த்துத் தளரப் பிசைந்து ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். பருப்பை ஊறவைத்து, மலர வேகவிட்டு, தண்ணீரை வடித்துவிடுங்கள். (அந்தத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், ரசத்துக்கு ஆகும்!) பருப்பு, வெல்லம், தேங்காயை அரைத்து, அடிகனமான பாத்திரத்தில் சுருளக் கிளறி, ஏலக்காயும் சுக்குப்பொடியும் சேர்த்தால் பூரணம் தயார். பன்னிரண்டு உருண்டைகளாகப் பிடித்து, மாவுக்குள் வைத்து மூடி, வாழையிலையில் தட்டி, தோசைக்கல்லில் சொட்டு நெய் விட்டுச் சுட்டெடுங்கள்.

இப்போது கணக்குப் போடுங்கள். பன்னிரண்டு போளிக்கு 120 கிராம் வெல்லம். ஒரு போளிக்கு 10 கிராம். பெரியவர்கள் ஒரு நாளைக்குச் சேர்க்கிற சர்க்கரை 25 கிராமுக்குள், அதாவது சுமார் 6 டீஸ்பூனுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேனும் இந்தக் கணக்கில் அடக்கம். இரண்டு போளி சாப்பிட்டால் 20 கிராம் முடிந்தது. அன்றைக்குக் காபி, டீயில் இனிப்பு வேண்டாம்!

நீரிழிவு உள்ளவர்கள்? பருப்பிலும் மாவிலும் உள்ள மாவுச் சத்தும் சர்க்கரையாக மாறும் என்பதை மறக்காதீர்கள். ரத்தச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தால், பண்டிகை நாளில் உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு அரைப் போளி. அதையும் சாப்பாட்டோடு, ஒரு இட்லியைக் குறைத்துக்கொண்டு. கட்டுப்பாட்டில் இல்லை என்றால் வேண்டவே வேண்டாம். "வெல்லம்தானே" என்று மாத்திரையை நிறுத்தி விளையாடாதீர்கள்.

இல்லத்தரசிகளுக்கு ஒரு வேண்டுகோள். இனிப்பு செய்கிற அன்று பாத்திரத்தை மேஜை நடுவில் வைக்காதீர்கள். தலைக்கு இத்தனை என்று எண்ணித் தட்டில் வையுங்கள். மிச்சம் இருந்தால் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கள். உங்கள் கைமணமும் பரவும், வீட்டுக்காரரின் சர்க்கரையும் ஏறாது!