நாலு நாளாக் காணோமே!

நம் புதுச்சேரியில் உடற்பயிற்சிக் கூடங்களுக்குக் குறைவில்லை. முன்பு குஸ்திப் பழகுகிறவர்கள் மட்டும் போய்க்கொண்டிருந்த இடத்துக்கு இப்போது ஓய்வு பெற்ற ஆசிரியை போகிறார், பேரனோடு தாத்தாவும் போகிறார். நல்ல விஷயம். கண்ணாடி, மின்விசிறி, பாட்டு, ஓடாமலே ஓடும் மெஷின் எல்லாம் இருக்கிறது. ஒன்றுதான் குறைகிறது. நேற்று வரை வந்தவர் இன்று ஏன் வரவில்லை என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் வாங்கிக்கொண்டு உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பவருக்கு இரண்டு வேலை. வந்தவருக்குச் சொல்லிக் கொடுப்பது ஒன்று. வராதவரைக் கூப்பிட்டு விசாரிப்பது மற்றொன்று. இரண்டாவதைச் செய்யாதவர் அரை வேலை செய்துவிட்டு முழுச் சம்பளம் வாங்குகிறார்.

தொடங்குவது யாருக்கும் கஷ்டமில்லை. சர்க்கரை ரிப்போர்ட் கைக்கு வந்த மறுநாளே புது ஷூ வாங்கிவிடுவோம். தொடர்வதுதான் கஷ்டம். புதிதாக உடற்பயிற்சி தொடங்குகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஆறு மாதத்துக்குள் விட்டுவிடுகிறார்கள் என்று இத்துறையில் ஆராய்ச்சி செய்தவர்கள் வெகு காலமாகச் சொல்லி வருகிறார்கள். இதை உடனே சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடக் கூடாது. நம் வயதில் ஒருவர் எப்படி விடுகிறார் என்று பாருங்கள். மூன்று நாள் ஜுரம். அப்புறம் மழை. அப்புறம் கடலூரில் மச்சினன் வீட்டுக் கல்யாணம். அப்புறம் பிரான்சிலிருந்து மகள் குடும்பத்தோடு வந்து மூன்று வாரம் தங்கல். இதில் ஒன்றுகூடப் பொய்க் காரணம் இல்லை. ஆனால் எல்லாம் முடிந்து வீடு அமைதியான பிறகு, திரும்பிப் போவதற்கு ஒரு கூச்சம் வந்துவிடுகிறது. 'ஒன்றரை மாதம் கழித்துப் போய் நின்றால் அந்தப் பையன் என்ன நினைப்பான்?' அந்தக் கூச்சம்தான் ஆளை நிறுத்துகிறது. ஜுரமும் கல்யாணமும் சாக்குதான்.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஒரு கூடத்தில் ஒரு வருடத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டினார். மூட்டு வலி குறைந்தது, மாடிப்படி ஏறினார், முகத்தில் ஒரு தெளிவு. நான்காம் மாதம் கண் ஆபரேஷன். டாக்டர் கொஞ்ச நாள் பாரம் தூக்க வேண்டாம் என்றார். அதன் பிறகு அவர் போகவில்லை. எட்டு மாதம் அந்தக் கூடத்திலிருந்து ஒரு குரலும் வரவில்லை. தீபாவளி வாழ்த்து வந்தது, பொங்கல் வாழ்த்து வந்தது, 'இரண்டு பேர் சேர்ந்தால் சலுகை' என்று படம் போட்ட செய்தி வந்தது. பன்னிரண்டாவது மாதம்தான் ஒரு பெண் போன் செய்து, "சார், உங்க மெம்பர்ஷிப் முடியப் போவுது, புதுப்பிக்கிறீங்களா?" என்று கேட்டாள். அப்போது அவர் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தார். பயிற்சியை விட்டதனால்தான் விழுந்தார் என்று நான் சொல்ல மாட்டேன், அது யாருக்கும் தெரியாது. ஆனால் ஒன்று தெரிகிறது. அந்தக் கூடத்தில் அவருடைய போன் நம்பர் இருந்தது. கூப்பிட ஆளும் இருந்தார். பணத்துக்காகக் கூப்பிடத் தெரிந்தது, ஆளுக்காகக் கூப்பிடத் தெரியவில்லை.

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. அமெரிக்காவில் டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களின் 7,752 உறுப்பினர்களுடைய வருகைக் கணக்கை எடுத்துப் பார்த்து 2006-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவைதான் போயிருக்கிறார்கள். அதாவது ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல். அதே கூடத்தில் பத்து தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு தடவைக்கு 10 டாலரோடு முடிந்திருக்கும். எல்லாரும் தாங்கள் அடிக்கடி போகப் போவதாக நம்பித்தான் பணம் கட்டினார்கள். இதில் வியாபாரிக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. பணம் கட்டிவிட்டு வராதவரால் மெஷின் தேயாது, மின்சாரம் செலவாகாது, இடம் அடையாது. அவரைக் கூப்பிட்டு வரவழைக்க என்ன அவசரம்? அதனால்தான் இதை வியாபாரக் கணக்காக மட்டும் விடாமல் கடமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் அரசு அலுவலகத்தில் காகிதத்துக்குக் காட்டிய மரியாதையைக்கூட இவர்கள் ஆளுக்குக் காட்டுவதில்லை. ஒரு துறைக்குக் கடிதம் போனால், பதில் வர வேண்டிய தேதியை எழுதி வைப்போம். தேதி தாண்டினால் முதல் நினைவூட்டல். பிறகு இரண்டாம் நினைவூட்டல். அதற்கும் அசையவில்லை என்றால் அதிகாரி பெயரில் நேர்முகக் கடிதம். எழுத்தர் நல்லவரா கெட்டவரா என்பதைப் பொறுத்ததல்ல இது. ஒழுங்கு அப்படி. நினைவூட்டாத கோப்பு செத்த கோப்பு என்று எங்களுக்குத் தெரியும்.

நான் படித்த பிரெஞ்சில் இதற்கு 'ரெலான்ஸ்' என்று பெயர். 'லான்ஸே' என்றால் எறிவது, 'ரெலான்ஸே' என்றால் மறுபடி எறிவது. பந்து உருண்டு வேகம் குறையும்போது எடுத்து மறுபடி வீசுகிறோமே, அது. பதில் வராத கடிதத்துக்கு எழுதும் இரண்டாவது கடிதத்துக்கும் அதே சொல்தான். நம் அலுவலக 'நினைவூட்டல்' என்பதில் நீ மறந்துவிட்டாய் என்ற குற்றச்சாட்டு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரெலான்ஸில் அது இல்லை. வேகம் குறைவது பந்தின் குற்றமா? உடற்பயிற்சிக்கு இந்தச் சொல்தான் பொருத்தம்.

போன் செய்தால் உண்மையிலேயே பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஆராய்ச்சியும் இருக்கிறது. 1995-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 135 பேரை நடக்கச் சொன்னார்கள். சிலருக்கு வாரம் ஒரு தடவை போன், சிலருக்கு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. ஆறு மாதம் ஆகும்போது வாரா வாரம் போன் வந்தவர்களில் எத்தனையோ மடங்கு அதிகம் பேர் நடந்துகொண்டிருந்தார்கள். இன்னொன்றையும் பார்த்தார்கள். சிலரிடம் இலக்கு, கணக்கு என்று விரிவாகப் பேசினார்கள். சிலரிடம் சும்மா நலம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்கள். அதனால் பெரிய வித்தியாசம் இல்லை. என்ன பேசினோம் என்பதைவிட எத்தனை முறை கூப்பிட்டோம் என்பதே முக்கியமாக இருந்தது.

"இதற்கு ஆள் போட முடியாது" என்பார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 55 வயது தாண்டியவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2007-ல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினரை மனிதர் கூப்பிட்டார், ஒரு பிரிவினரைக் கம்ப்யூட்டர் கூப்பிட்டது, மூன்றாம் பிரிவினரை யாரும் கூப்பிடவில்லை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், கம்ப்யூட்டர் கூப்பிட்டவர்கள்கூட யாரும் கூப்பிடாதவர்களைவிட அதிகம் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். ஆக, ஆள் இல்லை என்பது சமாதானம் ஆகாது. ஆனாலும் என் ஓட்டு மனிதருக்குத்தான். "வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்லை, அதான் வரலை" என்று சொன்னால் மெஷின் அடுத்த கேள்விக்குப் போய்விடும். மனிதர் ஒரு நிமிடம் நிற்பார்.

என் வயதுக்காரர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. "உடம்பு என்னுது, அக்கறை எனக்கு வேணும். ஒருத்தன் கூப்பிட்டுத்தான் நான் நடக்கணுமா?" என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்பவர்கள் முப்பத்தைந்து வருடம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்கள். காலையில் அந்தப் பதிவேடு கண்காணிப்பாளர் மேசைக்குப் போய்விடும் என்பதால்தான் கோடு போட்டதுபோல் நேரத்துக்கு வந்தோம். பதிவேடே இல்லையென்றால் எத்தனை பேர் அப்படி வந்திருப்போம்? ஓய்வு பெற்ற நாளோடு நம்மைத் தேடுகிற பதிவேடு போய்விட்டது. பிள்ளைகளும் வெளியூரில். நாம் ஓரிடத்துக்குப் போகாவிட்டால் அதைக் கவனிக்க ஒருவர்கூட இல்லை என்பதே முதுமையின் பெரிய மாற்றம்.

எங்கள் பகுதியில் பிசியோதெரபி படித்த ஒரு பெண் காலை நேரத்தில் முதியவர்களுக்கு வகுப்பு நடத்துகிறார். மெஷின் கிடையாது. நாற்காலி, ரப்பர் பட்டை, ஒரு பள்ளிக்கூட நோட்டு, அவ்வளவுதான். நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். சேர்ந்த தேதி, பி.பி., எந்த முட்டி வலிக்கிறது, வீட்டில் யார் இருக்கிறார்கள், போன் செய்யலாமா, எந்த நேரத்தில் செய்யலாம் என்று சேரும்போதே கேட்டு எழுதிக்கொள்கிறார். அதனால் தொந்தரவு என்ற பேச்சுக்கே இடமில்லை. தொடர்ந்து மூன்று வகுப்பு வராவிட்டால் பதினொரு மணிக்கு மேல் போன். நான் கேட்டிருக்கிறேன். "ஐயா, நாலு நாளாக் காணோமே, நல்லா இருக்கீங்களா?" இதுதான் முதல் வாக்கியம். 'ஏன் வரலை' என்று ஆரம்பிப்பதில்லை. காரணத்தைக் கேட்டுக்கொள்கிறார். பிறகு, "வியாழக்கிழமை வாங்க, பாதி பண்ணினாப் போதும், உக்காந்துக்கிட்டே பண்ணலாம்" என்று ஒரு நாளைக் குறிப்பிட்டுச் சொல்கிறார். திரும்பி வருபவரை யாரும் கேலி செய்யக் கூடாது என்பது அங்கே சட்டம். "பணம் கட்டிட்டு எங்க சார் காணாமப் போயிட்டீங்க?" என்று வாசலிலேயே சிரிக்கிற பயிற்சியாளர் நாலு பேரைத் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் சும்மா விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பார். கேட்டவருக்கு அது சுருக்கென்று இருக்கும்.

பிரான்சில் ஸ்த்ராஸ்பூர் நகரத்தில் 2012 முதல் டாக்டர்கள் மருந்துச் சீட்டில் உடற்பயிற்சியையும் எழுதித் தருகிறார்கள். பிறகு 2017-லிருந்து நீண்ட கால நோயாளிகளுக்கு அந்த நாடு முழுவதிலும் டாக்டர்கள் அப்படி எழுதலாம் என்று சட்டப்படி வந்துவிட்டது. எனக்கு இதில் பிடித்தது, உடற்பயிற்சியை மருந்தோடு சேர்த்துப் பார்ப்பது. மருந்து என்றால் கூடவே 'சுயிவி' உண்டு, அதாவது நோயாளியைத் தொடர்ந்து கவனித்து வருவது. பி.பி. மாத்திரையை விட்டுவிட்டால் டாக்டர் சும்மா இருப்பாரா? உடற்பயிற்சியும் விட்டால் கரைந்துபோகிற சமாச்சாரம்தான். சேர்த்த பலத்தை வங்கியில் போட்டு வைக்க முடியாது. பெரியவர்கள் வாரம் குறைந்தது 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும், 65 தாண்டியவர்கள் கூடவே வாரம் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கும் பலத்துக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வாரா வாரம் என்று சொன்னதைக் கவனியுங்கள். விழாமல் இருக்கத்தான் இத்தனையும்.

எனவே, கூடத்தில் சேரும் முன் மெஷினை எண்ணாதீர்கள். "ஒரு வாரம் வரலைன்னா கூப்பிடுவீங்களா? யார் கூப்பிடுவாங்க?" என்று கேளுங்கள். விழித்தால் ஒரு வருடப் பணம் கட்டாதீர்கள், மாதா மாதம் கட்டுங்கள். உங்கள் பிள்ளைகள் உங்களைச் சேர்த்துவிட்டால் அவர்களும் இதைக் கேட்கட்டும்.

கூடமே வேண்டாம் என்பவர்களுக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது. மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டி கிடையாது, காசும் கிடையாது. ஆனால் அங்கேயும் தனியாக நடக்காதீர்கள். ஒரு ஆளோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் வராவிட்டால் அவர் உங்களுக்கு போன் செய்ய வேண்டும், நீங்கள் அவருக்குச் செய்ய வேண்டும். இன்று காலை வழக்கமாகப் பார்க்கிற ஒருவரைக் காணவில்லையா? நம்பர் இருந்தால் இப்போதே கூப்பிடுங்கள். இல்லையென்றால் நாளைக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.