துப்பாக்கி சுடுதலும் நாம் மறந்த பேணுதலும்

 

அமெரிக்காவில் பணிபுரியும் என் முன்னாள் மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "ஹஜ்ரத், இங்கே பலர் விடுமுறை நாட்களில் துப்பாக்கி சுடும் மைதானத்திற்குச் செல்கிறார்கள். தோட்டாக்களைக்கூட வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறார்கள். அம்பெய்வது சுன்னத்தானே, நானும் இதில் ஈடுபடலாமா?" என்பதே அது. பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப் பிறகு நம்மூர் வாலிபர்களும் இதே ஆர்வத்தோடு வந்து கேட்கிறார்கள். எனவே என் கருத்தைப் பொதுவில் சொல்வது நலம் என எண்ணுகிறேன்.

அவர் காட்டும் ஆதாரம் உண்மையானதே. குர்ஆன் குறிப்பிடும் பலம் என்பதற்கு நபி (ஸல்) அவர்கள் எறிதல், எய்தல் என்று விளக்கம் அளித்ததை முஸ்லிம் நூல் பதிவு செய்கிறது. அஸ்லம் குலத்தார் அம்பெய்து போட்டியிட்டபோது அவர்களை ஊக்குவித்து, இரு அணியினருடனும் தாம் இருப்பதாக நபியவர்கள் கூறிய செய்தி புகாரியில் உள்ளது. ஆகவே இதை வீண் விளையாட்டு என ஒதுக்க இயலாது.

ஆனால் இவ்விரண்டு ஹதீஸ்களையும் மனனம் செய்திருப்போர் பலர், இவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டிய மற்றவற்றை மறந்துவிடுகின்றனர். அம்புகளுடன் பள்ளிவாசலையோ கடைவீதியையோ கடப்பவர் அவற்றின் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். விளையாட்டுக்காகக்கூடச் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டக் கூடாது. உயிருள்ள எதையும் இலக்காக நிறுத்தக் கூடாது. சிறு கல்லைச் சுண்டி எறிவதைக்கூட, அது பல்லை உடைக்கும், கண்ணைப் பறிக்கும் என்று காரணம் கூறி நபியவர்கள் தடுத்தார்கள். ஆக, ஆயுதம் பற்றிய நபிவழியில் திறமை ஒரு பாதி என்றால், அடக்கம் மறுபாதி. முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்குச் சுன்னத் என்று பெயரிடுவது முறையன்று.

அம்பின் முனையைக் கையால் பொத்தலாம். தோட்டாவின் நிலை வேறு. மிகச் சிறியதான .22 தோட்டாவின் குண்டே ஒரு மைலுக்கும் அப்பால் செல்லக்கூடியது. அதனால்தான் ஜெஃப் கூப்பர் என்னும் அமெரிக்கர் வகுத்த நான்கு விதிகள் உலகெங்கும் கற்பிக்கப்படுகின்றன. எந்தத் துப்பாக்கியும் நிரப்பப்பட்டதாகவே கருதப்பட வேண்டும். அழிக்க விரும்பாத எதன் மீதும் அதன் முனை திரும்பக் கூடாது. குறி பொருந்தும்வரை விசையில் விரல் படக் கூடாது. இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் அறியாமல் சுடக் கூடாது. இவற்றைப் படிக்கும்போது மேற்சொன்ன ஹதீஸ்கள் நினைவுக்கு வராமல் இருக்குமா?

தோட்டா நிரப்பும் வேலைக்கும் இதே பேணுதல் வேண்டும். சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, அழுத்துக் கருவியில் பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள். பழைய பிரைமரை அகற்றிப் புதியதைப் பொருத்துவார்கள். பிறகு வெடிமருந்தை நிறுத்து இட்டு, மேலே குண்டை அமர்த்துவார்கள். அந்த நிறுவையின் அலகு கிரெயின். ஒரு கிராமில் ஏறத்தாழ 15 கிரெயின் அடங்கும். கிரெயினில் பத்தில் ஒரு பங்கு வரை அவர்கள் கவனிக்கிறார்கள். ஒரே கூட்டில் தவறுதலாக இருமுறை மருந்து விழுந்தால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கக்கூடும். மருந்தே இடாமல் விட்டாலோ, பிரைமரின் வேகத்தில் மட்டும் நகர்ந்த குண்டு குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். அதை அறியாமல் அடுத்து சுட்டால் குழல் பிளக்கும். நிறுவையில் குறைவு செய்யாதீர்கள் என்று மத்ரஸாவில் பிள்ளைகளுக்குப் போதிக்கிறோம். இங்கே கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

என் மாணவருக்கு நான் எழுதிய பதில் இதுதான். சொந்த உபயோகத்திற்குத் தோட்டா நிரப்ப அந்நாட்டின் மத்திய சட்டம் உரிமம் கேட்பதில்லை. உங்கள் மாநிலச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டம் அனுமதித்தால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் கைபேசியையும் பேச்சையும் ஒதுக்கிவைத்துவிட்டு அந்த மேசையில் அமருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மருந்து டப்பா மட்டுமே மேசையில் இருக்கட்டும். ஈயம் உடலுக்குக் கேடு. அங்கே உண்ணாதீர்கள், எழுந்ததும் கைகழுவுங்கள். நீங்கள் நிரப்பியதைப் பிறர் துப்பாக்கிக்குக் கொடுக்காதீர்கள். எல்லாவற்றையும் பூட்டி, சாவியைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். இவற்றில் ஒன்றையேனும் பேண இயலாதென்றால் இந்தப் பொழுதுபோக்கு உங்களுக்கு வேண்டாம். சிக்கனம் என்று தொடங்குவோர் பலர், மலிவாகக் கிடைக்கிறதே என்று முன்னிலும் அதிகம் சுட்டுச் செலவைக் கூட்டிக்கொள்கின்றனர். வீண்விரயத்திற்கும் கணக்கு உண்டு.

நம் நாட்டு வாலிபர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது இங்கே குற்றம். காணொளி பார்த்து முயல்வது தனக்கும் குடும்பத்திற்கும் கேடு தேடுவதாகும். அதே நேரத்தில் முறையான வாசல் திறந்தே இருக்கிறது. மாவட்ட ரைஃபிள் கிளப்பில் பயிற்சியாளரின் கண்காணிப்பில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி பழகலாம். காற்று ரைஃபிள் இலக்கின் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். மூச்சும் மனமும் அடங்காமல் அதைத் தொட இயலாது. துருக்கியின் யூசுப் திகெச் 2024இல் காற்றுப் பிஸ்டல் கலப்பு அணிப் போட்டியில் வெள்ளி வென்றதைப் பிள்ளைகள் அறிவர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இரண்டு ஒலிம்பிக்குகளில் பங்கேற்றவர். நம் பெண்மக்களுக்கும் இதில் இடம் உண்டு.

பெற்றோரே! பிள்ளை எத்தனை புள்ளி எடுத்தான் என்று கேட்குமுன், துப்பாக்கியை எப்படிக் கையில் ஏந்தினான், முனை எந்தப் பக்கம் இருந்தது என்று கேளுங்கள். ஆயுதம் ஓர் அமானிதம். அதைப் பேணும் பக்குவத்தை அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் வழங்குவானாக. ஆமீன்.