இருக்கைக்கும் விலையா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1971இல் பறக்கத் தொடங்கியது சவுத்வெஸ்ட் விமான நிறுவனம். அதன் விமானங்களில் இருக்கைக்கு எண் கிடையாது. முந்தி ஏறியவர் விரும்பிய இடத்தில் அமரலாம். சீமானும் சிப்பந்தியும் ஒரே வரிசை! அரை நூற்றாண்டு கடந்து நிலைத்த அந்த முறை, 2026 ஜனவரி 27இல் முடிந்தது.

காரணம்? பயணிகளில் நூற்றுக்கு 80 பேர் குறித்த இருக்கையையே விரும்புகிறார்களாம்! இருக்கட்டும். கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு உறுதியான இடம் வேண்டும் என்பதை நாமும் மறுக்கவில்லை.

ஆனால், நடந்தது என்ன? 2024 ஜூனில், லாபத்தைப் பெருக்கு என்று நெருக்கியது எலியட் என்ற முதலீட்டு நிறுவனம். ஜூலையில் வந்தது புதுமுறை அறிவிப்பு. இன்று, கால் நீட்டும் இருக்கைக்குத் தனி விலை! மலிவுச் சீட்டுக்காரருக்கோ நிறுவனம் தள்ளிவிடும் இடம்!

பழைய முறையும் பழுதற்றதல்ல. 2007 முதலே காசு தந்தவருக்கு முந்தி ஏறும் சலுகை இருந்தது. அன்று நுழைந்த காசு, இன்று அரியணை ஏறிவிட்டது.

தோழர்களே! இடம் ஒதுக்குவது குற்றமல்ல. முதியவரை, நோயாளியை, குழந்தையைப் பார்த்து ஒதுக்கட்டும், வரவேற்போம். பணப்பையைப் பார்த்து ஒதுக்கினால், கண்டிப்போம்!