அசர் வரை பொறுத்துப் பாருங்கள்

ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில், பள்ளிவாசல் தெருவில் ஒருவர் அத்தர் பெட்டியைத் திறந்து வைத்தால் ஐந்தாறு பேராவது சூழ்ந்துகொள்வார்கள். மூடியோடு ஒட்டிய கண்ணாடிக் குச்சியால் புறங்கையில் ஒரு கோடு. கோடு காய்வதற்குள் மூக்கருகே ஓர் இழுப்பு. “இது வேணாம் பாய், அந்தப் பச்சை மூடியைக் காட்டுங்க.” மறு கையில் இன்னொரு கோடு. இரண்டு நிமிடத்தில் நான்கு அத்தர்களுக்குத் தீர்ப்பு வந்துவிடும். எங்கள் கோட்டக்குப்பத்தில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் அத்தர் இப்படித்தான் விலைபோகிறது. இப்படி வாங்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஊது அத்தரை எடுத்துக்கொள்வோம். நம் பழைய அகில்தான் அது. அகில் மரம் நோயில்லாமல் இருந்தால் அதன் கட்டை வெளுத்துப்போய், மணமே இல்லாமல் இருக்கும். பூஞ்சை தாக்கிய இடத்தில் மரம் பிசின் சுரக்கிறது; கறுத்துக் கனத்த அந்தப் பகுதியில்தான் வாசம் இருக்கிறது. அசாமில் அதைச் சீவி, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, புளித்த பிறகு காய்ச்சி எண்ணெய் எடுக்கிறார்கள். அதனால் பூசிய கையோடு வருவது மாட்டுத்தொழுவ நெடி. பழக்கமில்லாதவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கையைத் துடைத்துவிடுவார். துடைக்காமல் வீட்டுக்குப் போனால், சாப்பிட்டு முடிப்பதற்குள் தொழுவம் விலகி, பதனிட்ட தோலின் வாசம் வந்திருக்கும். அசர் பாங்கு கேட்கும்போது ஈரமில்லாத மரமும் அதன் அடியில் லேசான தேன் இனிப்பும். மஃரிபுக்குப் பிறகு கையை முகர்ந்தால் தொழுவம் இருந்த சுவடே இருக்காது. மதியம் வேண்டாமென்று தள்ளியதையும் இரவு மணப்பதையும் ஒரே எண்ணெய் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

காரணம் எளிதானது. மூலக்கூறு காற்றில் ஏறி மூக்குக்குள் வந்தால்தான் நமக்கு வாசம். பெரும்பாலும் எடை குறைந்தது முதலில் கிளம்பும். எலுமிச்சைத் தோலில் இருக்கும் லிமோனினின் மூலக்கூறு எடை 136. பல பூக்களில் இருக்கும் லினலூல் 154. சந்தனத்தின் உயிரான சான்டலால் 220. லிமோனின் சில நிமிடங்களில் பறந்துவிடும். சான்டலால் இரவு வரை கிடக்கும். வில்லியம் பவுச்சர் என்ற ஆங்கிலேய வாசனை நிபுணர் 1950களில் வாசனைப் பொருள்களை, ஆவியாகித் தீரும் நேரத்தை வைத்து 1 முதல் 100 வரை வரிசைப்படுத்தினார். சந்தன எண்ணெய்க்கு அவர் கொடுத்த எண் 100.

மேல், நடு, அடி என்று வாசனைத் தொழிலில் மூன்று அடுக்கு சொல்வார்கள். கணக்குக்கு அது சரி. ஆனால் தோலில் எதுவும் அடுக்கடுக்காகக் கழல்வதில்லை. வெயில் சாய்வதுபோல, எந்த நொடியில் மாறியது என்று சொல்ல முடியாமல் மாறும். கனமானவை இலேசானவற்றைப் பிடித்துவைத்துக்கொள்வதும் உண்டு. ரோஜாவைத் தனியே பூசினால் சீக்கிரம் போய்விடும். சந்தனத்தோடு சேர்ந்த ரோஜா நெடுநேரம் தங்கும். சென்ட்டில் பெரும்பங்கு ஆல்கஹால். தெளித்தவுடன் அது பறக்கும்போது முதல் வாசத்தையும் சேர்த்துத் தூக்கி அறை முழுக்க வீசிவிடும். ஆல்கஹால் இல்லாத அத்தர் உடம்போடு ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் வந்து நிற்பவருக்குத்தான் தன்னைக் காட்டும்.

தோலும் சும்மா இருப்பதில்லை. அதன் மேற்பரப்புச் சூடு சுமார் 32, 33 டிகிரி. எண்ணெய்ப்பசை உள்ள தோல் வாசனையைப் பிடித்துவைக்கும். வறண்ட தோல் சீக்கிரம் விட்டுவிடும். மரக்காணத்து உப்பளத்தில் சித்திரை வெயிலில் நின்று வாருகிறவரின் காய்ந்த கையும், குளிரூட்டிய கடையில் உட்கார்ந்திருப்பவரின் கையும் ஒரே அத்தரை ஒரே மாதிரி நடத்தாது. பூசுமிடத்தில் ஒரு துளி தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டால் கூடுதல் நேரம் நிற்கும். மணிக்கட்டோடு மணிக்கட்டை வைத்துத் தேய்க்க வேண்டாம். சூடேறி, நுட்பமான முதல் வாசம் வீணாகப் பறந்துவிடும்.

எங்கள் பெரியவர்கள் தோலை நம்பாமல் இன்னொரு வழி வைத்திருந்தார்கள். விரல்நுனி அளவு பஞ்சை அத்தரில் தொட்டுக் காதுமடலின் மேல்மடிப்பில் செருகிக்கொள்வார்கள். அங்கே எண்ணெயைத் தோல் குடிக்காது, வியர்வையும் அவ்வளவாகக் கழுவாது, உடம்புச்சூடு மட்டும் கிடைத்துக்கொண்டே இருக்கும். வெயிலும் வியர்வையும் உள்ள கரையில் வாழ்கிறவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. ஆனால் பஞ்சில் முகர்ந்ததை வைத்துக் கையில் எப்படி மணக்கும் என்று முடிவு செய்துவிடக் கூடாது.

மூக்கின் பங்கும் இருக்கிறது. விடாமல் வருகிற வாசத்தைச் சற்று நேரத்தில் மூக்கு கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். போய்விட்டது என்று நினைத்து மறுபடி பூசுகிறோம்; தொழுகை வரிசையில் பக்கத்தில் நிற்பவர்தான் அவதிப்படுவார். கடைகளில் இடையிடையே காப்பிக்கொட்டையை முகரச் சொல்கிறார்கள். அது வெறுங்காற்றைவிட அதிகமாக உதவுவதில்லை என்று சோதித்துப் பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். வாசலுக்கு வந்து கடல்காற்றில் நின்றால் போதும். கஸ்தூரி மணத்துக்காக ஆலையில் செய்யும் சில மூலக்கூறுகள் சிலருடைய மூக்குக்கு எட்டுவதே இல்லை. ஆகவே உங்கள் நண்பர் கொண்டாடும் அத்தர் உங்களுக்கு வெறும் எண்ணெயாகத் தெரிந்தால் இருவர் மேலும் தவறில்லை.

இந்தக் கரைக்கும் அகிலுக்கும் இருக்கும் பழக்கம் மிகப் பழையது. நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில், நத்தத்தனார் பாணனை எயிற்பட்டினத்து வழியாக அனுப்புகிறார். அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள் அந்தக் கரையில் உறங்கும் ஒட்டகங்களைப்போலக் கிடக்கின்றன. நுளையர் வீட்டுப் பெண்கள் அதையே விறகாக எரிக்கிறார்கள். அந்த மரம் அகில் என்கிறது உரை. எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு; இங்கிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அகில் கட்டையைக் கையில் எடுத்து முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் வராது. சூடு பட்டால்தான் திறக்கும். நெருப்பு அதைச் சில நிமிடங்களில் செய்துவிடுகிறது. தோலின் 33 டிகிரிக்கு ஒரு முழுப் பொழுது வேண்டியிருக்கிறது.

அந்தப் பொழுதைக் கொடுக்க நமக்கு மனமில்லாததால் ஒரு கேடு நடந்துவிட்டது. உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில் செம்புப் பானையில் பூவையும் தண்ணீரையும் இட்டு, வாயைக் களிமண்ணால் பூசி அடைத்து, விறகுத் தீயில் காய்ச்சுவார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியே இறங்கி இன்னொரு செம்புக் கலத்தில் சேரும். அந்தக் கலத்தில் முன்பே காத்திருப்பது சந்தன எண்ணெய். பூவின் வாசத்தை வாங்கிக்கொண்டு நாள் முழுக்க விடாமல் வைத்திருப்பது அதுதான். சுட்ட களிமண்ணைக் காய்ச்சி, முதல் மழையின் மண்வாசத்தையே சந்தனத்தில் இறக்கும் மிட்டி அத்தரும் அங்கேதான் பிறக்கிறது. அந்த வாசத்துக்கு 1964இல் பெட்ரிகோர் என்று பெயர் வைத்த ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவரும் தங்கள் கட்டுரையில் இந்த அத்தரைக் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

சந்தனம் அரிதாகி விலை ஏறியபோது அந்த இரண்டாவது கலத்தில் பலர் திரவ பாரஃபினை ஊற்றத் தொடங்கினார்கள். அதற்கு மணம் கிடையாது. மேலே மிதக்கும் ரோஜாவோ மல்லிகையோ முதல் இரண்டு நிமிடம் அசல் போலவே மணக்கும். அசருக்குக் கையை முகர்ந்தால் ஒன்றுமே இருக்காது. முதல் இழுப்பில் முடிவு செய்கிறவருக்கு முதல் இழுப்பு மட்டும் போதும் என்று செய்கிறவரும் தெரிந்துகொண்டுவிட்டார். அவரை மட்டும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெட்டி வைத்திருப்பவர்களில் சிலர் இன்னும் அவசரப்படுத்துவதில்லை. “பூசிட்டுப் போங்க தம்பி, அசருக்கு வந்து சொல்லுங்க” என்பார்கள். அப்படிச் சொல்கிறவரிடம் வாங்குங்கள். ஒரு கைக்கு ஒன்றுதான். இரண்டு கைக்கு மேல் முகர்ந்தால் எது எதன் வாசம் என்று தெரியாது. அடி எண்ணெய் சந்தனமா, வேறா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, நல்ல வியாபாரி மறைக்க மாட்டார். பெருநாளைக்கு முந்தின இரவு, கடை நெரிசலில் போய் நிற்க வேண்டாம். ஒரு வாரம் முன்னால், கூட்டமில்லாத மதியத்தில் போங்கள். முதலில் 3 மில்லி குப்பி போதும்.