பழைய இசைத்தட்டுகளும் புதிய செவிகளும்

லிவர்ப்பூல் நகரத்து இளைஞர் நால்வரின் பீட்டில்ஸ் என்னும் ராக் இசைக்குழு 1970-ஆம் ஆண்டிலே பிரிந்துபோயிற்று. ஆயினும் அக்குழுவின் இசைத்தட்டுகளை மீண்டும் மீண்டும் வெளியிடுதல் இன்னும் ஓய்ந்தபாடில்லை. 1987-இல் அவை குறுந்தட்டுகளாயின. 2009-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் ஒலி துலக்கப்பெற்று மறுபடியும் வந்தன. 2017 முதல் ஒலிக்கலவையே புதுக்கப்பெற்று ஒவ்வொன்றாய் வரலாயின. ஒரே சரக்கை எத்தனை முறைதான் விற்பர் என்று நகைப்பாரும் உளர். அந்நகைப்பில் உண்மை சிறிதும் இல்லையென்று யான் கூறேன். எனினும் மறுபதிப்பு வேண்டற்பாலதே. குழு பிரிந்து முப்பது ஆண்டுகட்கு மேல் கழிந்தபின் பிறந்த எம்போன்றார்க்கு இவ்விசையை அடைய வேறு வழி யாது? என் வழக்கெல்லாம், புதுப்பதிப்பு மூலப்பதிப்பின் இடத்தைக் கவர்ந்துகொள்ளலாகாது என்பதே.

கருவிகளின் ஒலியையும் பாடுவோர் குரலையும் ஒலிநாடாவில் வெவ்வேறு தடங்களிற் பதிந்து, இன்னது ஓங்குக, இன்னது அடங்குக என அளவறிந்து சேர்ப்பதே ஒலிக்கலவையாம். 1960-களின் நடுவில் பிரிட்டனிற் பெரும்பாலோர் இல்லங்களில் ஒற்றை ஒலிபெருக்கியுடைய பெட்டியே இருந்தது. ஆதலின் தயாரிப்பாளராகிய ஜார்ஜ் மார்ட்டினும் பாடகரும் மோனோக் கலவையிலேயே கருத்தூன்றினர். ஸ்டீரியோக் கலவை விரைவாகவே செய்து முடிக்கப்பட்டது. 1967-இல் வெளிவந்த 'சார்ஜண்ட் பெப்பர்' தட்டில், பெற்றோரைப் பிரிந்து செல்லும் பெண்ணைப் பற்றிய பாட்டு மோனோவில் விரைந்தும், ஏறத்தாழ அரைச்சுரம் உயர்ந்தும் ஒலிக்கும். ஸ்டீரியோவிலோ தாழ்ந்து, தளர்நடை பயிலும். 1968-இல் வந்த 'ஹெல்டர் ஸ்கெல்டர்' பாட்டின் இறுதியில், முரசு முழக்கும் ரிங்கோ ஸ்டார் இடும் கூக்குரல் ஸ்டீரியோவில் உண்டு, மோனோவில் இல்லை. ஏட்டுச்சுவடி ஆராய்வோர் இத்தகையவற்றைப் பாடபேதம் என்பர். பாடபேதத்தை அடிக்குறிப்பிலேனும் காட்டாது, தாம் விரும்பிய பாடம் ஒன்றையே அச்சிடும் பதிப்பாசிரியரை நம் தமிழாசிரியர் வாளா விடுவரோ?

ஆனால் இசைத்தட்டு உலகில் அது நிகழ்ந்தே இருக்கின்றது. 1965-ஆம் ஆண்டுத் தட்டுகளாகிய 'ஹெல்ப்', 'ரப்பர் சோல்' என்னும் இரண்டனையும் 1987-இல் ஜார்ஜ் மார்ட்டினே புதிதாய்க் கலந்தார். 2009-ஆம் ஆண்டு ஸ்டீரியோப் பதிப்பும் அப்புதுக்கலவையையே மேற்கொண்டது. 1965-இன் ஸ்டீரியோக் கலவையோ அவ்வாண்டு மோனோத் தொகுதியில் இணைப்பாக இடம்பெற்றது. ஸ்டீரியோவைத் தேடுவோன் மோனோப் பெட்டியை விலைகொடுத்து வாங்குவது வேடிக்கையன்றோ!

அவர் மைந்தர் கைல்ஸ் மார்ட்டின் 2017 முதற் செய்துவரும் பணியை யான் இகழேன். குரல் ஒரு செவியிலும் கருவிகள் மற்றொரு செவியிலுமாகப் பிரிந்தொலிக்கும் பழைய ஸ்டீரியோ, இயர்போன் அணிந்து கேட்கும் இளைஞருக்கு உவப்பளிப்பதன்று. அவர் 'சார்ஜண்ட் பெப்பரை' மோனோவையே வழிகாட்டியாகக் கொண்டு கலந்தார். மேற்கூறிய பெண்ணின் பாட்டும் மோனோவின் விரைவையே பெற்றது. 1966-இன் 'ரிவால்வர்' தட்டிலுள்ள 'டாக்ஸ்மேன்' பாட்டிலே கிட்டார், பேஸ், முரசு மூன்றும் ஒரே தடத்தில் பதிந்து கிடந்தன. திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழுவினர் ஆக்கிய கணினிமுறை அவற்றைத் தனித்தனியே பிரித்துத் தந்தமையாற்றான் 2022-இன் புதுக்கலவை இயல்வதாயிற்று. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தைப் பற்றிப் படித்திருக்கின்றோம். இஃது அதனினும் வியப்பு.

ஆயின் அப்பதிப்பின் விற்பனை முறையை நோக்குமின். ஒற்றைக் குறுந்தட்டில் புதுக்கலவை மட்டுமே உண்டு. இரட்டைத்தட்டில் அதனோடு ஒலிப்பதிவுக் கூடத்தின் ஒத்திகைத் துணுக்குகள் உள. பாடகர் கருத்தூன்றிய மோனோவோ ஐந்து தட்டுகள் கொண்ட பெரும்பெட்டியினுள் இருக்கின்றது. 2017-ஆம் ஆண்டுப் பதிப்பும் இத்தகையதே. முதியோரும் செல்வரும் பெட்டியை வாங்கிக்கொள்வர். மாணாக்கனோ மலிந்த தட்டை வாங்கி, 1966-இற் கேட்டது இதுவே என்று நம்புவான். மோனோவை நாடுவார் சிலரே என்று வணிகர் விடை கூறலாம். கேட்டறியாததனை நாடுவார் யார்?

ஆதலின் யான் வேண்டுவன பெரியன அல்ல. தட்டின் முகப்பிலேயே, இது புதுக்கலவை என்பதும், கலந்தவர் பெயரும், ஆண்டும் கண்ணிற் படுமாறு அச்சிடப்பெறல் வேண்டும். இரட்டைத்தட்டின் இரண்டாவதில் ஒத்திகைத் துணுக்குகளுக்கு மாற்றாக மோனோக் கலவையை வைத்தல் வேண்டும். ஒத்திகைகளைப் பெரும்பெட்டியினர் கேட்டு மகிழ்க. அவற்றை இழத்தலால் புதிதாய் வருவோர்க்கு யாதொரு குறையும் இல்லை.