ரூட்டரை மாற்றினால் போதுமா?

1998-இல் ஹூண்டாய் ஆலை கார் தயாரிக்கத் தொடங்கிய இருங்காட்டுக்கோட்டையைச் சுற்றி இன்று மாடி வீடுகள் பெருகியிருக்கின்றன. இத்தகைய வீடுகளைப் பற்றிப் பரவலான வாதம் இது: அதிவேக இன்டர்நெட் பிளானும் விலையுயர்ந்த ரூட்டரும் இருந்தால் பெரிய வீட்டுக்கும் கேபிள் தேவையில்லை. தவறு.

1. பிளானின் வேகம் ரூட்டர்வரைதான். கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை பெரிதும் வலுவிழக்கும்.

2. ரூட்டரின் சிக்னல் மாடியை எட்டினாலும், செல்போனின் பலவீனமான பதில் சிக்னல் எப்படித் திரும்பும்?

3. ரிப்பீட்டர்? ஒரே ரேடியோவில் சிக்னலை வாங்கி அனுப்பினால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும்.

4. கேட்-6 கேபிள் 100 மீட்டர்வரை விநாடிக்கு 1 கிகாபிட் தரும். கார் ஆலை ரோபோக்களையே பெரும்பாலும் கேபிள்தான் இணைக்கிறது. வீட்டுக்கு மட்டும் ஏன் வேண்டாம்?

சுவர் பூசும் முன்பே, கரன்ட் வயருக்கான பைப்பிலிருந்து விலக்கி, கேபிளுக்குத் தனி பைப் பதிக்க வேண்டும். தளத்துக்கு ஓர் ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்பும் கருவி) வைக்க வேண்டும்.