மழை நாளில் தண்ணீர்மலை

தண்ணீர்மலையைத் தெரியாத தோட்டத்துக் குடும்பம் நம்மில் உண்டா? லோரியிலோ பஸ்ஸிலோ இடித்துப் பிடித்துப் பினாங்கு போய், பிள்ளைக்கு மொட்டை போட்டு, பால்குடம் எடுத்து, தேங்காய் உடைத்துத் திரும்பியவர்கள்தாமே நாம்! ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக் கொள்ளாதீர்கள். தண்ணீர்மலையில் நீங்கள் தண்ணீரைப் பார்த்திருக்கிறீர்களா?

தண்ணீர்ப்பந்தலில் கொடுக்கும் மோரைச் சொல்லவில்லை. அந்த மலைக்கு அப்பெயர் வரக் காரணமான தண்ணீரைச் சொல்கிறேன். தைப்பூசம் வருவது பெரும்பாலும் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ. பினாங்கில் மழை மிகக் குறைவாகப் பெய்யும் மாதங்கள் அவை. செப்டம்பர், அக்டோபரில்தான் அங்கே வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். ஆகவே காவடி பார்க்கப் போகும் நாம், கூட்டத்தைப் பார்க்கிறோம், தேரைப் பார்க்கிறோம், அருவியைப் பார்ப்பதில்லை.

எனக்கும் இது தெரிய ஒரு சைக்கிள் பயணம் வேண்டியிருந்தது. சுங்கைப்பட்டாணியிலிருந்து தோட்டத்துப் பையன்கள் நால்வரோடு புறப்பட்டேன். பட்டர்வொர்த் வரை சுமார் 35 கிலோமீட்டர். பினாங்குப் பாலம் 1985-இல் வந்தது, இரண்டாவது பாலம் 2014-இல் வந்தது. இரண்டிலும் சைக்கிளை விடமாட்டார்கள். நமக்குப் பெரிதான் கதி. அதுவும் நல்லதே, கடல் காற்றில் கால் ஆறும்.

மறுநாள் தீவைச் சுற்றி வருவதாகத் திட்டம். விடியற்காலையிலேயே மழை பிடித்துக் கொண்டது. "மழைதானே ஐயா, மிதித்து விடலாம்" என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் பாதை மலையில் ஏறி வளைந்து வளைந்து இறங்குவது. நனைந்த சக்கரத்தில் பிரேக் பிடிக்காது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பெய்த மழையில் இதே பினாங்கில் மண் சரிந்து, வெள்ளம் ஏறி, உயிர்களும் போயின. விளையாட்டல்ல.

"ஒரு நாள் வீணாப் போச்சே ஐயா!" என்றான் ஒருவன்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவன் தாய் பால் வெட்டுகிறவர். மரப்பட்டை நனைந்துவிட்டால் பால் கோட்டில் ஓடி மங்கில் விழாது. பட்டை முழுவதும் வழிந்து வீணாகும். பெரட்டில் நிற்கும்போதே வானத்தைப் பார்த்து, அன்றைய வெட்டு உண்டா இல்லையா என்று வயிற்றைப் பிசைந்த காலம் எத்தனை வீடுகளில்! மழை என்றால் ஓய்வு என்று நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? மழை என்றால் நஷ்டம் என்றுதான் லயத்துப் பேச்சு. சம்பள முறைகள் மாறியும் பேச்சு மாறவில்லை.

சரி, அன்று என்ன செய்தோம்? சைக்கிள்களைத் தங்கிய இடத்தில் பூட்டிவிட்டு, ரொட்டி சானாயும் தே தாரிக்குமாகப் பசியாறினோம். ஜார்ஜ்டவுனில் மழைக்கு அஞ்சவேண்டியதில்லை. பழைய கடைவரிசைகளின் முன்னால் அஞ்சடி இருக்கிறது. தலை நனையாமல் பல தெருக்களைப் பார்த்துவிடலாம். (வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வைக்கும் புண்ணியவான்களால் நடுநடுவே நனையத்தான் வேண்டும்.) குவீன் தெருவில் 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயிலைக் கும்பிட்டோம். கொடிமலை ரயிலேறலாம் என்றார்கள். மேகம் மூடிய நாளில் அங்கே காசுக்குப் பனிதான் கிடைக்கும். வேண்டாமென்று, பஸ்ஸில் தண்ணீர்மலைக்குப் போனோம்.

நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில் 1857-ஆம் ஆண்டுக் கட்டடம். 1894-இல் வந்த வெள்ளி ரதம் அவர்களுடையது. தைப்பூசத்தில் நெருக்கித் தள்ளும் அந்தச் சாலையில் அன்று எங்களைத் தவிர ஆளில்லை. சற்று மேலே போனால் 1884-இல் அமைத்த தாவரத் தோட்டம். உள்ளே போகு முன்பே சத்தம் கேட்டது. பையன்கள் லோரி வருகிறதென்று ஒதுங்கினார்கள். லோரியல்ல, ஓடை!

அருவி அந்தத் தோட்டத்துக்கு மேலே, நீர்விநியோகப் பகுதிக்குள் இருக்கிறது. அனுமதியில்லாமல் போக முடியாது. ஆனால் அதன் தண்ணீர் தோட்டத்தின் நடுவே பாறை பாறையாய் உருண்டு வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலேயர் இந்தத் தண்ணீரைக் கால்வாய் கட்டி நகரத்துக்குக் கொண்டு போனார்கள். துறைமுகத்துக்கு வந்த கப்பல்களும் இதைத்தான் நிரப்பிக் கொண்டன. அருவியடியில் நம்மவர்கள் வைத்துக் கும்பிட்ட சிறு முருகன் சந்நிதி ஒன்றும் இருந்தது. பிறகு நகரம் பெருகியது. தண்ணீர் தேவை கூடியது. சந்நிதி இடம் பெயர வேண்டியதாயிற்று. 1915 வாக்கில் முருகன் மலைமேல் குடியேறினார். இன்று நாம் ஏறும் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட படிகளுக்குப் பின்னால் இந்தக் குடிநீர்க் கதையும் இருக்கிறது. உச்சியிலுள்ள பெரிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 2012-இல்தான்.

இடம் விட்டுப் போகச் சொன்னால் எப்படி இருக்கும் என்பது தோட்டம் துண்டாடப்பட்டு லயத்தைக் காலி செய்த குடும்பங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 'வீணாப் போச்சே' என்ற பையன் நெடுநேரம் ஓடையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "இந்தத் தண்ணி இப்பவும் ஊருக்குப் போகுதா ஐயா?" என்றான்.

போகிறது, ஆனால் அது போதாது. இன்று பினாங்கு மாநிலம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி நம் மூடா ஆற்றுத் தண்ணீர். கெடா மலைகளில் பெய்யும் மழைதான் ஆறாகி வந்து, சுங்கை டுவாவில் சுத்தமாகி, கடலுக்கடியில் குழாய் வழியே தீவுக்குப் போகிறது. சுங்கைப்பட்டாணியிலிருந்து வரும்போது மெர்டேக்கா பாலத்தில் நாங்கள் மிதித்துக் கடந்த ஆறு அதுதான். நம் வெட்டைக் கெடுத்த மழையும் அதில் கலந்திருக்கும்!

நீங்களும் போவதானால் சில வார்த்தைகள். தோட்டத்துக் குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள், பையையே பறித்துக்கொள்ளும். நனைந்த படிகளில் குழந்தைகளைக் கைப்பிடித்து ஏற்றுங்கள். மழை பெய்யும்போது ஓடையில் காலை வைக்காதீர்கள். மேலே பெய்தது கீழே எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சைக்கிளில் போகிறவர்கள் இரவே சங்கிலியைத் துணியால் துடைத்து நாலு சொட்டு எண்ணெய் விட்டுப் படுங்கள்.